லாக்கர் காயும் வரை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற உத்தியோகம், ஆகவே மீட்டர்காரர். மாடிப்படிக்கு அடியிலும் குளியலறைச் சுவருக்குப் பின்னாலும் மாட்டியிருக்கிற பெட்டிகளை எட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறவரை யாரும் உட்காரச் சொல்வதில்லை. எண் கூடினால் அவரைத் திட்டுவார்கள். குறைந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் வருகைக்கு எழுந்து நின்றவை நாய்கள் மட்டும்தான். பாதி ஆயுளை இப்படிக் கழித்ததில் அவர் ஒரே ஒரு வித்தையைக் கற்றிருந்தார். எவர் என்ன சொன்னாலும் முகத்தில் அசைவு காட்டாமல் எண்ணை எழுதிவிட்டு நகர்வது.

அந்த முகத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். அதுதான் அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"உங்களைக் கட்டினதுக்குப் பதிலா அந்த மீட்டரைக் கட்டியிருக்கலாம்" என்பாள். "அதாவது ஓடும்."

அவள் வீட்டிலிருந்தபடி தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பவள். மெஷின் மிதிக்கிற காலின் வேகத்துக்கு வாயும் ஓடும். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பேச்சு நின்ற இடத்தில் அவளுக்கு நாக்கும் அவருக்கு மௌனமும் வளர்ந்தன. இரண்டில் எது அதிகம் குத்தும் என்று அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் நாக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அக்கம்பக்கம் எப்போதும் சத்தத்தை வைத்துத்தான் தீர்ப்பு சொல்லும்.

வீடு என்பது ஒரே நீள அறை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு மேலே கூரை வரைக்கும் வெறும் இடைவெளி. முன்பாதியில் தையல் மெஷின், கட்டில், தெருவாசல். பின்பாதியில் பீரோவும் ஒரு மேஜையும். அதற்கும் பின்னால் சாய்ப்பு இறக்கிச் சமையல்.

ஒருநாள் மீட்டர் பார்க்கப் போன வீட்டில், கார் நிறுத்தும் கொட்டகைக்குள் ஒருவன் ஹெல்மெட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். கையில் பேனா மாதிரி ஒரு துப்பாக்கி. அதன் வாலில் ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில் முனகுகிற கம்ப்ரசர். பேனா ஹெல்மெட்டைத் தொடவேயில்லை. தொடாமலே கறுப்புப் பரப்பின்மேல் ஒரு தீ நாக்கு, புகை கசிவதுபோல, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் எழுந்து வந்தது. மீட்டர்காரர் எண்ணைக் குறிக்க மறந்து நின்றார். தொடாமல் ஒரு காரியம் செய்யலாம் என்பது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

அவன் வெளியூருக்குக் குடிபோகிறவன். தன்னுடைய பழைய பேனாவையும் கம்ப்ரசரையும் அவருக்கே கொடுத்துவிட்டான். கற்றுக்கொடுக்க நேரமில்லை.

"முதல்ல காத்து, அப்புறம் கலர். நிறுத்தும்போது முதல்ல கலர், அப்புறம் காத்து. மாத்திச் செஞ்சீங்கன்னா துப்பிடும். அவ்வளவுதான் சார், மீதியைக் கை பாத்துக்கும்."

ஏர்பிரஷ் என்கிற அந்தக் காற்றுப் பேனா வீட்டுக்கு வந்ததும் மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள். "கொசுவுக்கு மருந்தா?"

"படம் போட."

"யாரு?"

அவர் குழாயைப் பேனாவின் வாலில் மாட்டினார். அவள் சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டது.

முதலில் பல மாதங்கள் அவர் படம் எதுவும் போடவில்லை. பழைய செய்தித்தாளில் புள்ளி வைத்தார். பேனாவின் முதுகில் ஒரு சின்ன நெம்பு. அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். இழுப்பு ஒரு நூல் கூடினால் புள்ளி குளமாகிவிடும். தாளுக்கு மிகக் கிட்டே போனால் காற்று வண்ணத்தை விரட்டி, புள்ளியைச் சுற்றி எட்டுக் கால் முளைத்துச் சிலந்தியாகும். தள்ளி நின்றால் வெறும் பொடி. வண்ணம் கெட்டியானால் முனை அடைத்துக்கொள்ளும். ஊசியை உருவி, வண்ணம் கரைக்கிற தின்னரில் துடைத்து மறுபடி செருக வேண்டும். செருகும்போது ஊசிமுனை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் கோடு ஒருபக்கமாக எச்சில் துப்பும்.

புள்ளி முடிந்து கோடு. கோடு முடிந்து, தடிப்பாகத் தொடங்கி ஒன்றுமில்லாமல் தேய்ந்துபோகிற கோடு. அதற்கு அவர் எலிவால் என்று பெயர் வைத்திருந்தார். வேலை முடிந்து வந்து கை கழுவியதும் எலிவால். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எலிவால்.

"வால் போதும்" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் வரும். "எலி எப்ப வரும்?"

மீட்டர்காரருக்கு ஆத்திரம் வராதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளியே அவர் குறித்த எண்கள் எதுவும் அவருடையது அல்ல. இந்த எலிவால் அவருடையது. நேற்றைய வாலைவிட இன்றைய வால் ஒரு மயிரிழை நன்றாக முடிந்தால், மறுநாள் நாய்கள் குரைப்பது காதில் விழாது. கெட்டுப்போன தாள்கள் கட்டிலுக்கடியில் மெத்தைபோல் சேர்ந்தன. அவர் எதற்கும் சலிக்கவில்லை. பொறுமைசாலி என்று இதுவரை அவரைச் சொன்னவர்கள் அவருடைய மரத்துப்போன தன்மையைத்தான் அப்படிச் சொன்னார்கள். இப்போதுதான் முதல்முறையாக அவருக்கு உண்மையான பொறுமை வந்திருந்தது.

ஒரு சாயங்காலம், செய்தித்தாளில் போட்ட வட்டம் ஒன்று, ஓரத்தில் நிழலை ஏற்றிக்கொண்டே வந்தபோது, சட்டென்று தாளைவிட்டு எழும்பிப் பந்தாகிவிட்டது. மீட்டர்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

முன்பாதியில் மெஷின் நின்றது. "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பந்து."

"பந்தா?"

"உருண்டையா வந்திருச்சு. வந்து பாரேன்."

அவள் வரவில்லை. சற்றுக் கழித்துச் சொன்னாள். "ஊர்ல எல்லார் வீட்லயும் பிள்ளைங்க பந்து விளையாடுது. எங்க வீட்ல பெரியவரு பந்து வரையறாரு."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அவரைத் தொடவில்லை. மகிழ்ச்சி மனிதனை இளகவைக்கும் என்று பொதுவாக நம்புகிறோம். சிலரை அது இறுக்கவும் செய்யும். இத்தனை நாளும் பறிகொடுக்க எதுவும் இல்லாதிருந்தவரிடம், காத்துக்கொள்ள இப்போது ஒன்று இருந்தது.

அவளுடைய இருமல் எப்போது தொடங்கியது என்று அவரால் சொல்ல முடியாது. முதலில் அதை இருமல் என்றே அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தன் வேலையைப் பற்றி அவள் சொல்கிற இன்னொரு அபிப்பிராயம் என்று நினைத்தார். தாளிலிருந்து தகரத்துக்கும், தகரத்திலிருந்து அக்கம்பக்கத்து ஹெல்மெட்டுகளுக்கும் அவர் முன்னேறிய காலம் அது. தகரத்துக்கு உரிய வண்ணம் வேறு. அதன் மேல் பளபளப்புக்குப் பூசுகிற லாக்கர் வேறு. லாக்கர் இறுகுவதற்குக் கலக்கிற ஹார்டனர் வேறு. பேனாவிலிருந்து கிளம்புகிறதில் பாதிதான் தகரத்தில் உட்காரும். மீதி புகையாக எழும்பும். எழும்பியது தடுப்பின் மேல் இடைவெளி வழியாக முன்பாதிக்குப் போகும்.

பெயின்ட் கடையில் சொன்னார்கள் என்று அவர் முகமூடி ஒன்று வாங்கினார். இரண்டு பக்கமும் வட்ட டப்பா வைத்த நல்ல முகமூடி.

"பன்னி மூக்கு மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "எனக்கு?"

"நீ அந்தப் பக்கம்தானே இருக்க."

அவள் அண்ணாந்து தடுப்பின் உச்சியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

ஒரு காலையில் அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலையணையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை வெளியே தள்ள முடியாமல் தவித்தாள். எதிர்வீட்டுக்காரிதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்தார். வாயில் வைத்து இழுக்கிற இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்தார். இதைக் கைக்கெட்டுகிற தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும், பெயின்ட் புகை இருக்கிற இடத்தில் இனி ஒருநாள்கூட இருக்கக் கூடாது என்றார்.

"இப்ப வீட்ல ரெண்டு பம்பு" என்று திரும்பி வந்து சொன்னாள் அவள். "உங்களோடது ஊதுது, என்னோடது மூச்சு குடுக்குது. ரெண்டுல ஒண்ணுதான் இந்த வீட்ல இருக்க முடியுமாம். டாக்டர் சொல்லிட்டாரு. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் எண் குறிக்கிற முகமாக இருந்தது.

"வேற இடம் பாக்கறேன்" என்றார்.

பார்க்கவும் செய்தார், அதை மறைக்கக் கூடாது. அவளுடைய தம்பி பெரிய சாலை ஓரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் வீடு, பக்கத்தில் ஒரு கொட்டகை.

"தாராளமா வாங்க மாமா" என்றான். "அக்கா மூச்சு விட்டா சரி."

மீட்டர்காரர் மேஜை, கம்ப்ரசர் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனார். ஒரு ஹெல்மெட்டில் மழைக்காட்டை வரைந்து முடித்து லாக்கர் பூசினார். லாக்கர் கண்ணாடிபோல் பரவி நின்றபோது வெளியே லாரி ஒன்று போனது. கொட்டகையின் இடுக்கு வழியாக வந்த தூசி காட்டின்மேல் மணல் தூவியதுபோல் உட்கார்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பூசினார். மறுபடி லாரி.

"அதான் நல்லாருக்கே மாமா. காடுன்னா தூசி இருக்காதா?" என்றான் மைத்துனன்.

மீட்டர்காரர் அன்று சாயங்காலமே சாமான்களை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். கம்ப்ரசர் உள்ளே போக அவளேதான் நகர்ந்து வழிவிட வேண்டியிருந்தது.

"அங்க ஒரே தூசி" என்றார்.

"இங்க?"

"இங்க ஜன்னலைச் சாத்திக்கலாம்."

அன்றிலிருந்து வண்ணம் அடிக்கிறபோதெல்லாம் ஜன்னல் சாத்தப்பட்டது. ஜன்னல் இடுக்கில் டேப். கூரைக்குக் கீழிருந்த காற்றுத்துளைகளில் துணி. தூசி எழும்பாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தார். மின்விசிறி தூசியைக் கிளப்பும் என்பதால் அதையும் நிறுத்தினார். வண்ணம் அடிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். எந்தப் பட்டறையிலும் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். பட்டறைகளில் யாரும் குடியிருப்பதில்லை.

"விசிறியாவது போடுங்க" என்று அவள் கேட்டாள், அவள் பாணியில் அல்ல, சாதாரணமாக. "வேகுது."

"ஒரு மணி நேரம். எதிர்வீட்ல போய் உக்காரேன்."

அவள் தைக்கிற துணியைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. துணியை மடியில் வைத்துக்கொண்டு கைத்தையல் போடுவாள். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏன்க்கா, அண்ணன் உங்களை வீட்டை விட்டுத் தொரத்துறாரா?"

"சேச்சே. தூசியைத் தொரத்துறாரு. நான் அதுல சேத்தி."

இந்தச் சமயத்தில்தான் ஒரு பெட்ரோல் டேங்க் வந்தது. மோட்டார் சைக்கிள் வைத்து ஊர் சுற்றுகிற கூட்டம் ஒன்று. அதன் தலைவன், ஒரு தாடிக்காரன், கழற்றிக் கொண்டுவந்தான். டேங்க்கின் இரண்டு பக்கமும் விடியற்கால ஏரி வேண்டும், ஏரிமேல் பனிமூட்டம் வேண்டும் என்றான். வேறு இரண்டு பேரிடம் காட்டியும் வரவில்லையாம். உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று கேள்விப்பட்டேன் என்றான்.

பனி மீட்டர்காரருக்கு வந்தது. வெள்ளையைப் பாலைவிட நீர்க்கக் கரைத்து, மூச்சு விடுகிற அளவுக்குக் காற்றை வைத்து, படலம் படலமாக ஏற்றினார். இருப்பதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி வந்தது. வராதது பனிக்குக் கீழே தண்ணீரின் நீலம். சூரியன் வருவதற்கு முன்னால் உள்ள நீலம். அதில் சாம்பலும் வேண்டும், கொஞ்சம் ஊதாவும் வேண்டும், இரண்டும் தெரியவும் கூடாது. எதைக் கலந்தாலும் ஒன்று பெயின்ட் டப்பா நீலமாக இருந்தது, இல்லாவிட்டால் அழுக்கானது. வாரக்கணக்கில் தகர வில்லைகளில் அடித்து அடித்துப் பார்த்தார். மீட்டர் பார்க்கப் போன இடத்திலெல்லாம் நீலத்தைத் தேடினார்.

அவளுக்கு மறுபடி மூச்சு முட்டியது, அவர் நீலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம். அன்று எதிர்வீடு பூட்டியிருந்ததால் முன்பாதியிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தும் அடங்கவில்லை. மெஷின்மேல் நெற்றியை வைத்துச் சாய்ந்துவிட்டாள். அக்காவைப் பார்க்க வந்த தம்பிதான் முதலில் பார்த்துக் கத்தினான். மீட்டர்காரர் முகமூடியோடு ஓடிவந்தார். இருவருமாக அவளைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தார்கள்.

"நான் ஆட்டோ பிடிக்கிறேன். அக்காவைப் பாத்துக்கங்க மாமா" என்று தம்பி ஓடினான்.

மாமா பார்த்தார். அவளுடைய உதடு நிறம் மாறியிருந்தது. ஓரங்களில் சாம்பல், உள்ளே போகப்போக ஊதா கசிந்த நீலம், இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை. விரல் நகங்களுக்கு அடியிலும் அதே நிறம். இன்னும் கொஞ்சம் மங்கல். அவர் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். பழுப்பு, என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை நாளும் நீலத்தில் பழுப்பு சேர்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

அவள் கண்ணைத் திறந்திருந்தாள். பேச்சு வராத நிலையிலும் அவர் எதைப் பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. தடுப்பின் இடுக்கு வழியாக எத்தனையோ முறை அந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறாள். தகர வில்லையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறபோது அவருக்கு வருகிற பார்வை. கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். வலுவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பயமில்லை, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். தம்பி கட்டிலருகே உட்கார்ந்தான். மீட்டர்காரர் மாற்றுத்துணி எடுத்து வருவதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தார். வந்தவர் மறப்பதற்குமுன் ஒரு துளி கலந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார். மாற்றுத்துணி மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது.

நீலம் வந்துவிட்டிருந்தது.

அவள் வீடு திரும்பியபோது டேங்க்கில் ஏரி இருந்தது. லாக்கர் மட்டும் பாக்கி. அவள் அதைப் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். "இனிமே இந்த வீட்ல அது ஓடுச்சுன்னா நான் இருக்க மாட்டேன்."

"இந்த ஒண்ணு" என்றார் மீட்டர்காரர். "லாக்கர் மட்டும்தான். அதோட நிறுத்திடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த நேரத்தில் அவர் பொய் சொல்லவில்லை. குடிக்கிறவன் கடைசிக் குவளை என்று சொல்லும்போதும் பொய் சொல்வதில்லை.

லாக்கர் போட்ட நாள் காற்று கொஞ்சம் பலமாகவே அடித்தது. வீட்டை முழுக்க அடைத்தாக வேண்டும். அவள் காலையிலேயே எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் ஜன்னலுக்கு டேப் ஒட்டினார். தெருக்கதவின் நான்கு ஓரத்துக்கும் உள்பக்கமிருந்து டேப் ஒட்டினார். கதவின் அடியில் ஈரத்துணி சொருகினார். தரையை நனைத்தார். முகமூடியை மாட்டிக்கொண்டு முதல் பூச்சு கொடுத்தார். சற்று இடைவெளி விட்டு இரண்டாவது. கடைசிப் பூச்சு பரவி, ஏரி முதல்முறையாக நனைந்தது. பனிக்கு அடியில் தண்ணீர் இருந்தது. அதை வரைந்தவர் தான் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இனி அசையாமல் கால்மணி நேரம் விட்டால் போதும். மேல்தோல் கட்டிக்கொள்ளும், பிறகு தூசி ஒட்டாது.

கதவு தட்டப்பட்டது.

"ஏங்க." அவள் குரல். "என் பம்பு உள்ள இருக்கு. மெஷின் மேல. எடுத்துக் குடுங்க."

மெஷின்மேல் இன்ஹேலர் இருந்தது. கதவுக்கும் அதற்கும் நாலடிகூட இல்லை.

"கொஞ்சம் பொறு. இப்பதான் பூசியிருக்கு."

"மூச்சு ஒரு மாதிரியா இருக்குங்க."

"இதோ, காயட்டும். கதவைத் திறந்தா எல்லாம் போச்சு. அங்க போய் உக்காரு. பதட்டப்படாத. பதட்டப்பட்டாத்தான் அதிகமாகும்."

கதவுக்கு அந்தப் பக்கம் இருமல். பிறகு இருமல் அல்லாத ஒரு சத்தம். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல. கதவில் உள்ளங்கை பட்டது. அதைத் தட்டுவது என்று சொல்ல முடியாது, சாய்வது. ஜன்னல் டேப்பை ஒரு முழம் பிரித்து அதன் வழியாகக் கொடுத்துவிடலாமா என்று மீட்டர்காரர் யோசித்தார். ஜன்னல் காற்றடிக்கிற பக்கம். இதை அவர் யோசித்தார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். யோசிக்காமல் செய்த தப்பு என்று பிற்பாடு அவர் பக்கம் பேசினவர்கள் உண்டு.

வெளியே சத்தம் அடங்கியது. எதிர்வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. டேங்க்கின் ஓரத்தை ஒரு விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒட்டியது. இன்னும் கொஞ்சம். டேங்க்கை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்து மேற்பரப்பைத் தேடினார். ஒரு பொட்டுத் தூசி இல்லை.

பிறகு எதிர்வீட்டுக்காரி ஓடிவரும் சத்தமும் அவள் அலறலும் கேட்டன. "அண்ணே! அண்ணே, கதவைத் திறங்க! அக்கா கீழ கிடக்காங்க!"

டேப்பைக் கிழித்துக் கதவைத் திறப்பதற்கு முன் அவர் செய்த முதல் காரியம், டேங்க்கின்மேல் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடியது. அது அவர் கை பழகியபடி செய்தது. கை பழகியதுதான் அவருடைய பெருமை.

அவள் சாகவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரன் ஓடிவந்தான், ஆட்டோ கிடைத்தது, இந்த முறை ஆஸ்பத்திரியில் அதிக நாள் வைத்திருந்தார்கள். நெஞ்சு முன்போல் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

டேங்க்கைத் தாடிக்காரன் வந்து வாங்கிக்கொண்டு போனான். ஏரியைப் பார்த்தவன் டேங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்த நீலத்தை எங்கேருந்து சார் பிடிச்சீங்க?" என்று கேட்டான். மீட்டர்காரர் முகத்தை மாற்றாமல் இருந்தார். ஒரு மனிதன் மனதார ஆசைப்பட்டு, அலுக்காமல் பழகினால், எதையும் எந்த வயதிலும் கற்றுக்கொண்டுவிடலாம் என்பதற்கு அந்த டேங்க் சாட்சி. அது நல்ல வேலைதான். அதை இல்லையென்று சொல்ல முடியாது.

மைத்துனன் வீட்டுக்கு அவர் போனபோது அவன் வாசலில் வழியை மறித்து நின்றான்.

"அந்த எழவை எடுத்துக் குப்பையில போட்டுட்டு வாங்க மாமா. அப்புறம் அக்காவைக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா இந்தப் பக்கமே வராதீங்க."

உள்ளிருந்து அவள் குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று வந்தது. "அவரைக் கேக்காதடா. கேட்டா சரின்னு சொல்லிடுவாரு. போட்டும் போட்டுடுவாரு. அப்புறம் நான் எப்ப சாவேன்னு பாத்துக்கிட்டே எதிர்ல உக்காந்திருப்பாரு. அதை என்னால பாக்க முடியாது."

மீட்டர்காரர் மறுக்க வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் வந்திருக்கும்.

"என் மெஷினை மட்டும் கொண்டுவந்து குடுக்கச் சொல்லு" என்றாள். "உக்காந்த இடத்துல தைச்சுப் பொழச்சுக்கறேன்."

வீட்டுக்கு வந்து மெஷினை வெளிச்சத்தில் பார்த்தார். இத்தனை நாள் தடுப்பைத் தாண்டி வந்ததெல்லாம் அதன்மேல் படிந்திருந்தது. ஹெல்மெட்டுகளின் சிவப்பு, பச்சை, ஏரியின் நீலம், பனியின் வெள்ளை, எல்லாம் சேர்ந்து ஒரு சாம்பல் தோல். விரலால் சுரண்டினால் சொரசொரப்பாக வந்தது. இதைத்தான் அவள் இழுத்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் கண்ணால் பார்க்கிற விஷயமாக ஆயிற்று. நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு, தெரிந்த வழியில் இறங்கினார். பஞ்சைத் தின்னரில் நனைத்து, மூலை முடுக்கு விடாமல், அவருக்கே உரிய பொறுமையோடு துடைத்தார். சாம்பல் தோல் போயிற்று. அதோடு மெஷினின் கழுத்தில் இருந்த பழைய பூவேலையும் கரைந்து பஞ்சோடு வந்துவிட்டது. வண்ணம் அடிக்கிறவன்தான் இந்தத் தப்பைச் செய்வான். மற்றவர்கள் சோப்புத் தண்ணீரில் துடைத்திருப்பார்கள்.

அவர் கம்ப்ரசரை ஓடவிட்டார். அழிந்த பூக்களின் இடத்தில் புதுப் பூக்கள் போட்டார். கொடி ஒன்று அடியிலிருந்து புறப்பட்டுக் கழுத்தைச் சுற்றிச் சக்கரம் வரைக்கும் எலிவால்களாக ஓடியது. இதழ்களின் ஓரம் தொட்டால் மடங்கும்போல் இருந்தது. அவ்வளவு நன்றாக அவர் முன்பு எதையும் செய்ததில்லை. செய்யும்போது மன்னிப்புக் கேட்பதுபோல்தான் தொடங்கினார். பாதிக்குமேல் அதுவும் மறந்து, வெறும் சந்தோஷமாக இருந்தார். முடிவில் லாக்கர், இரண்டு பூச்சு.

மறுநாள் காலை மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மைத்துனன் ஒரு பக்கம் பிடித்தான். இருவருமாக அவள் கட்டிலருகே இறக்கிவைத்தார்கள். அவள் குனிந்து பார்த்தாள். கொடியின்மேல் விரலை வைத்து, அது போகிற வழியெல்லாம் கொண்டுபோனாள்.

"அழகா இருக்கு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவர் செய்த எதையும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அவர் முகம் ஒரு கணம் அசைந்தது.

அடுத்த மூச்சை அவள் உள்ளே இழுத்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறின. கை மெஷினை விட்டுவிட்டு இன்ஹேலரைத் தேடியது.

"தூக்குடா" என்றாள், மூச்சு திரும்பியதும். "வெளிய வைடா அதை."

தம்பி ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தான். "எத்தனை நாள்ல வாடை போகும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"வெயில்ல வச்சா சீக்கிரம் போயிடும்."

"அதுவரைக்கும் அக்கா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். என்னா மாமா?"

சாலையில் லாரி ஒன்று போயிற்று. புழுதி வேலியைத் தாண்டி வந்து முற்றமெங்கும் இறங்கியது. மீட்டர்காரர் பாய்ந்துபோய் மெஷினின் முன்னால் மண்டியிட்டுக் கைக்குட்டையால் துடைத்தார். பூக்கள் பளபளப்பாக மேலே வந்தன.

"காஞ்சிடுச்சு" என்றார். "இனிமே ஒட்டாது."

அவர் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அவள் எழுந்து வந்து, அந்தப் பக்கம் பார்க்காமல், ஜன்னலைச் சாத்தினாள்.